கொட்டிலுக்குப் பதினாறு, வீட்டுக்குப் பதினான்கு

நசர்பாத், மைசூர்
18-2-1945, ஞாயிறு

சிரஞ்சீவி சித்தையனுக்கு அப்பா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. மாதேஸ்வரன் புண்ணியத்தில் இங்கே பதினான்கு பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் பம்பாயில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு வேலைக்குப் போய்வருகிறாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. தேவம்மாவை எப்போது அழைத்துக்கொள்ளப் போகிறாய் என்று நான் கேட்டதற்கு, கிடைத்திருக்கும் அறை பத்தடிக்கு எட்டடிதான், ஒரே ஜன்னல், அதில் இரண்டு பேர் எப்படிக் குடியிருப்பது, ரயில் பட்டறையில் வீடு கொடுக்கட்டும், அதுவரைக்கும் அவள் அங்கே பெரிய குடும்பத்தில் நாலு பேரோடு சௌகரியமாக இருக்கட்டும் என்று எழுதியிருந்தாய். படித்தபோது எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பையன் யோசனைக்காரன் என்று உன் அம்மாவிடம் பெருமையாகக்கூடச் சொன்னேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. உன் பெண்டாட்டி இங்கே சௌகரியமாக இல்லை. அதை நான் எப்படிக் கண்டுகொண்டேன் என்பதை எழுதத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன். கடிதம் கொஞ்சம் நீளும், நடுவில் பன்றிகள் வரும், அவசரப்படாமல் படி.

முதலில் வீட்டுச் சேதி. உன் அண்ணன் மல்லப்பனுக்குப் பட்டு ஆலையில் இந்த மாதம் முதல் காலை வேலைதான், அதனால் மத்தியானம் வந்து தூங்குகிறான். குழந்தைகள் நாலு பேரும் அவன் தூங்குகிற நேரமாகப் பார்த்துத்தான் சண்டை போடுகிறார்கள். உன் அண்ணி லிங்கம்மா சத்தம் போட்டு அவர்களை அடக்குகிறாள், அந்தச் சத்தத்தில்தான் அவன் எழுந்துவிடுகிறான். உன் ரங்கூன் மாமாவுக்கு இன்னும் நிலையான வேலை கிடைக்கவில்லை. மூன்று வருஷமாகிறது, பர்மாவிலிருந்து காட்டு வழியாக நடந்து, வழியிலே ஒரு பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்து சேர்ந்தவர்கள். அவனும் பெண்டாட்டி சாமியாத்தாளும் மூன்று குழந்தைகளுமாகக் கூடத்தின் ஒரு பாதியில் இருக்கிறார்கள். உன் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, அவனைப் போ என்று சொல்ல எனக்கு வாய் வராது, வரவும் வேண்டாம். ராகி ரேஷனில் தட்டில்லாமல் கிடைக்கிறது, அரிசிதான் புழுவோடு வருகிறது. எனக்கு வலது பக்கத்துக் கடைவாய்ப்பல் ஒன்று போயிற்று, அதனால் கடலைமிட்டாய் மட்டும் இழப்பு. மற்றபடி வெயில் இந்த வருஷம் மாசியிலேயே பல்லைக் காட்டுகிறது.

இனி என் வேலை விஷயம். நஞ்சன்கூடு ரோட்டில் காளிதாஸ் முதலாளி ராணுவ முகாம்களுக்கு மாமிசம் கொடுக்கிற காண்டிராக்ட் எடுத்து, சீமைப் பன்றி வளர்க்கிறார், நான் அங்கே மேஸ்திரி என்பது உனக்குத் தெரியும். நம் சொந்தக்காரர்கள் கொள்ளேகாலத்தில் என்னைப் பார்த்தால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து எதிர்ப்பக்கமாக நிற்கிறார்கள், அதுவும் தெரியும். நான் அதற்கெல்லாம் கவலைப்படுவதில்லை. பன்றியைப் போல் சுத்தம் பார்க்கிற பிராணி கிடையாது என்று சொன்னால் சிரிக்கிறார்கள். இடம் இருந்தால் அது படுக்க ஒரு மூலை, அசிங்கத்துக்கு ஒரு மூலை என்று தானாகவே பிரித்துக்கொள்ளும். இடம் இருந்தால் என்று சொன்னேன், அதில்தான் கதையே இருக்கிறது.

எங்கள் கொட்டில் ஒவ்வொன்றும் பன்னிரண்டுக்குப் பத்தடி. ஆரம்பத்தில் ஒரு கொட்டிலுக்குப் பத்துக் குட்டிகள் விட்டு வளர்த்தோம். போன வருஷம் ராணுவத்திலிருந்து இன்னும் வேண்டும் இன்னும் வேண்டும் என்று எழுதவே, முதலாளி புதுக் கொட்டில் கட்டாமல் கொட்டிலுக்குப் பதினாறாக ஆக்கிவிட்டார். தீனியைக் குறைக்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். தலைக்கு இவ்வளவு தவிடு, இவ்வளவு புண்ணாக்கு, வேகவைத்த கொள்ளு என்று பதினாறுக்கும் சரியாகவே போட்டோம். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாதத்திலிருந்து எடை ஏறுவது மந்தப்பட்டது. ஒன்றின் வாலை ஒன்று கடிக்க ஆரம்பித்தது. நான் வயிற்றில் பூச்சி என்று மருந்து கொடுத்துப் பார்த்தேன். புண்ணாக்குக் கெட்டுப்போயிருக்கும் என்று செட்டியாரோடு சண்டைக்குப் போனேன், அவர் பாவம், நல்ல புண்ணாக்குதான் கொடுத்திருக்கிறார். தொட்டியின் நீளம் போதவில்லையோ என்று இரண்டடி நீட்டிக் கட்டினேன். எதற்கும் மசியவில்லை. தீனி போடுகிற கௌரம்மா, நம் பக்கத்துக் கன்னடக்காரி, அவள் மட்டும் ஆரம்பத்திலிருந்தே ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். "தீனி ஐதெ சாமி, ஜாகா இல்ல" என்பாள். தீனி இருக்கிறது, இடம்தான் இல்லை என்று. நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தின்பதற்கு வாய் போதுமே, இடம் எதற்கு என்று நினைத்தேன்.

நாங்கள் செய்துவந்த தப்பு என்ன தெரியுமா, கொட்டிலோடு சேர்த்து நிறுப்பது. பதினாறு பன்றியையும் ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றினால் அரை நாள் போய்விடும், கத்தலும் தாங்காது. அதனால் நாலு நாலாக அடைத்து நிறுத்து, கூட்டி, பதினாறால் வகுத்து, தலைக்கு இத்தனை ராத்தல் என்று புத்தகத்தில் எழுதிவிடுவோம். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். சராசரி கொஞ்சம் குறைந்ததே தவிர, பயப்படுகிற மாதிரி இல்லை. ஐப்பசியில் முகாமிலிருந்து வந்த ஒரு சார்ஜண்டு, நூற்றிருபது ராத்தலுக்குக் குறைந்தது வேண்டாம் என்று சொல்லி ஒரு லாரியில் பாதியைத் திருப்பிவிட்டுப் போன பிறகுதான் எனக்கு ரோஷம் வந்தது. சாயம் காய்ச்சி ஒவ்வொரு பன்றிக்கும் முதுகில் ஒரு குறி வைத்துத் தனித்தனியாக நிறுத்தேன். அப்போதுதான் தெரிந்தது. ஒரு கொட்டிலில் ஏழு பன்றிகள் கொழுகொழுவென்று இருந்தன, ஐந்து சுமார், நாலு மட்டும் வந்தபோது இருந்த மாதிரியே எலும்பும் தோலுமாக நின்றன. ஏழின் கொழுப்பு நாலின் எலும்பை மறைத்துவிட்டது. அந்த நாலும் எங்கள் கண் முன்னால்தான் இருந்தன, மூலையில் நிற்கும், சத்தம் போடாது. சத்தம் போடாததைக் கவனிக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்.

அப்புறம் நான் ஒரு பரீட்சை வைத்தேன். முதலாளியிடம் கெஞ்சி இரண்டு கொட்டிலை வாங்கிக்கொண்டு, ஒரே சமயத்தில் பால் மறந்த குட்டிகளை, ஏறக்குறைய ஐம்பது ராத்தல் உள்ளவையாகப் பார்த்து, ஒன்றில் பத்து விட்டேன், ஒன்றில் பதினாறு விட்டேன். தீனி தலைக்கு ஒரே அளவு, தண்ணீர் ஒன்று, தீனி போடுகிற கையும் கௌரம்மாவின் கைதான். பன்னிரண்டு வாரம் கழித்து நிறுத்தால், பத்து இருந்த கொட்டிலில் தலைக்கு நூற்று முப்பத்தேழு ராத்தல், பதினாறு இருந்த கொட்டிலில் நூற்றுப் பத்து. பத்தில் ஒன்பது லாரி ஏறிவிட்டன. பதினாறில் லாரி ஏறியது ஏழுதான். ஆறு உருப்படி கூடுதலாகத் தீனி தின்று, இரண்டு உருப்படி குறைவாகப் போயிருக்கிறது. நான் வெற்றி வீரனைப் போலப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். அவர் லேசுப்பட்டவர் இல்லை. பென்சிலை எடுத்துப் பெருக்கிவிட்டு, பத்துப் பன்றி ஆயிரத்து முந்நூற்று எழுபது ராத்தல், பதினாறு பன்றி ஆயிரத்து எழுநூற்று அறுபது ராத்தல், எது பெரிசு என்று கேட்டார். "சென்னப்பா, நீ ஒண்ணொண்ணாப் பாக்கறே, நான் மொத்தமாப் பாக்கறேன், அஷ்டே, அவ்வளவுதான்" என்றார். அவர் சொல்வதும் பொய்யில்லை, நெருக்கி அடைத்தால் ஒவ்வொன்றும் இளைக்கும், ஆனால் கொட்டிலின் மொத்தம் கூடத்தான் கூடும். நான் புத்தகத்தை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு இரண்டு நாள் யோசித்து, மொத்தத்தைச் சார்ஜண்டு வாங்குவதில்லை, ஒவ்வொன்றாகத்தான் வாங்குகிறான் என்று போய்ச் சொன்னேன். கொட்டிலுக்குப் பன்னிரண்டு என்று ஒருவழியாக முடிவானது.

மிஞ்சிய நோஞ்சான்களைப் பழைய தவிட்டுக் கிடங்கில் ஐந்தைந்தாகப் பிரித்து விட்டோம். அதில் நீலக் குறி வைத்த ஒன்று அறுபத்திரண்டு ராத்தல்தான் இருந்தது, பிழைக்காது என்று நினைத்தேன். கிடங்கில் விட்ட முதல் இரண்டு நாள் அது தொட்டிப் பக்கமே போகவில்லை. நாலு காலையும் நீட்டிப் படுத்துத் தூங்கியது. மூன்றாம் நாள்தான் எழுந்து தின்றது. பதினைந்து நாளில் இருபது ராத்தல் ஏறிவிட்டது. ராணுவத்திலிருந்து பார்க்க வந்த மாட்டு டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. படுக்க இடமில்லாத பிராணிக்குத் தின்பதெல்லாம் நிற்பதற்கே செலவாகிவிடும், எப்போது யார் இடிப்பார்கள், எப்போது நகர வேண்டும் என்று காதைத் தூக்கிக்கொண்டே இருக்கிறதே, அதற்கே பாதித் தீனி போய்விடும் என்று சொன்னார். நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். பன்றியைப் பற்றிய பேச்சு என்றுதான் கேட்டேன்.

இப்போது சொல்ல வந்ததற்கு வருகிறேன். பன்றியோடு சேர்த்து உன் பெண்டாட்டியைப் பற்றி எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே, எனக்குப் புத்தி வந்தது அந்த வழியாகத்தான், மாற்றி எழுதினால் பொய்யாகிவிடும். இந்த மாதம் எட்டாம் தேதி வியாழக்கிழமை மல்லப்பனின் மூத்த பெண்ணுக்குக் காய்ச்சல், அதனால் எனக்குச் சோறு கொண்டுவர தேவம்மா வந்தாள், கூடவே குழந்தைகள் மூன்று பேர். குழந்தைகளுக்கு மேடைத் தராசைப் பார்த்தால் சும்மா இருக்க முடியுமா. கௌரம்மா அதைக் கழுவிச் சுண்ணாம்பு தெளித்து வைத்திருந்தாள். ஒவ்வொருவராக ஏறி இறங்கினார்கள், நான் குண்டை நகர்த்தி எடை சொன்னேன். சித்தியும் ஏறணும் என்று அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு ஏறி நின்றாள், சிரித்துக்கொண்டுதான் நின்றாள். குண்டைத் தொண்ணூற்றைந்தில் வைத்தேன், கம்பி எழும்பவில்லை. தொண்ணூறுக்கு இழுத்தேன், எழும்பவில்லை. எண்பதில் வந்து நின்றது. "எத்தனைங்க மாமா இருக்கறேன்?" என்று கேட்டாள். தொண்ணூற்றெட்டு என்று சொன்னேன். என் வாழ்க்கையில் தராசுக்கு முன்னால் நின்று நான் சொன்ன முதல் பொய் அதுதான்.

உங்கள் கல்யாணம் முடிந்து மாதேஸ்வரன் மலைக்குப் போனபோது, அவள் அப்பன் வேண்டுதல் என்று சொல்லி அவளைத் தராசில் உட்காரவைத்து எடைக்கு எடை வெல்லம் வைத்தாரே, உனக்கு ஞாபகம் இருக்கும். முப்பத்து மூன்று வீசை. அந்த மூட்டைகளை மலைமேல் சுமந்தது நானும் மல்லப்பனும், அதனால் அந்தக் கணக்கு என் முதுகுக்கே தெரியும். வீசைக்கு மூன்று ராத்தலும் சொச்சமும் என்று வைத்தால் அன்றைக்கு நூற்றிரண்டு ராத்தல். இன்றைக்கு எண்பது. இரண்டு வருஷத்துக்குள் ஏழு வீசை என் வீட்டில் குறைந்திருக்கிறது. நோய் ஒன்றும் இல்லை, டாக்டரிடம் அழைத்துப் போய்க் காட்டிவிட்டேன், நெஞ்சும் சுத்தம், ரத்தம்தான் குறைவு, நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள் என்றார். சாப்பாடு எங்கள் வீட்டில் இல்லாமலா.

அதற்கப்புறம் நான் வீட்டில் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒருவரும் கெட்டவர் இல்லை, அதை முதலில் நம்பு. உன் அம்மா அவளை அதட்டிக்கூடப் பேசியதில்லை. லிங்கம்மாவும் சாமியாத்தாளும் அவளோடு பிரியமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் லிங்கம்மாவுக்கு நாலு பிள்ளைகள், அவளுக்குக் கையில் ஒரு குழந்தை எப்போதும் இருக்கும். சாமியாத்தாள் கஷ்டப்பட்டு வந்தவள், அவளிடம் யாரும் வேலை சொல்ல மாட்டார்கள். பிள்ளை இல்லாதவள், புருஷன் பக்கத்தில் இல்லாதவள், கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாதவள் இவள் ஒருத்திதான். தெருக் குழாயில் பதினான்கு பேருக்கும் தண்ணீர் அவள்தான் பிடிக்கிறாள். ஆண்கள் எங்களுக்கு, குழந்தைகளுக்கு, அப்புறம் மற்றப் பெண்களுக்கு என்று மூன்று பந்தி முடிந்து, கடைசியாக அவள் அடுப்படியில் நின்றபடியே சட்டியில் இருப்பதை வழித்து வாயில் போட்டுக்கொள்கிறாள், அதற்குள் யாராவது ஒரு குழந்தை தண்ணீர் கேட்கும், கையைக் கழுவிவிட்டுப் போய்விடுகிறாள். படுக்கை கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே உள்ள நடையில். பின்கட்டுக்குப் போகிறவர்கள் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும், ஒவ்வொரு தடவையும் எழுந்து காலை மடக்கிக்கொள்கிறாள். இரண்டு வருஷமாக அவள் காலை நீட்டித் தூங்கவில்லை, அது எனக்குத் தெரியவே தெரியாது.

கொட்டில் அளக்கிற நாடாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து போன ஞாயிற்றுக்கிழமை வீட்டையும் அளந்தேன். கூடம் பதினெட்டுக்குப் பத்து, அறை பத்துக்கு ஒன்பது, அடுப்படி எட்டுக்கு ஏழு. எல்லாம் சேர்ந்து முந்நூற்று இருபத்தாறு சதுர அடி, பதினான்கு பேர், தலைக்கு இருபத்து மூன்று. குதிர், பெட்டிகள், அம்மி, உன் மாமாவின் ரங்கூன் டிரங்குப் பெட்டி இதெல்லாம் கழித்தால் பதினெட்டு தேறும். உன் அறை எண்பது சதுர அடி. நீயும் அவளும் இருந்தால் தலைக்கு நாற்பது. இரண்டு பேர் எப்படிக் குடியிருப்பது என்று எழுதினாயே மகனே, நீ அங்கே ஜமீன்தார் மாதிரி இருந்துகொண்டு இடம் போதாது என்கிறாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. எனக்குத்தான் உன்னைக் காட்டிலும் பக்கத்தில் கண் இருந்தது. மாதாமாதம் உனக்கு எழுதிய கடிதத்தில் எல்லாம் யாவரும் சௌக்கியம் என்று எழுதினேன். அது கொட்டிலோடு சேர்த்து நிறுத்த எடை. மொத்தத்தில் அது உண்மைதான், மல்லப்பன் பெருத்திருக்கிறான், குழந்தைகள் வளர்ந்திருக்கிறார்கள், ரங்கூன் மாமா வந்தபோது இருந்த இருப்புக்கு இப்போது ஆளே வேறு. காளிதாஸ் முதலாளி வந்து பார்த்தால் நல்ல கொட்டில் என்று சொல்லிவிட்டுப் போவார்.

உன் அம்மாவிடம் இதைச் சொன்னதில் எனக்கு நல்லபடியாக ஆகவில்லை. மருமகள் கடைசியாகச் சாப்பிடுகிறாள், இளைத்துவிட்டாள், நீ கவனிக்கவில்லையா என்று கேட்டுவிட்டேன். கேட்ட விதம் தப்பு. அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "முப்பது வருசமா நானுந்தான் கடைசியாச் சாப்பிடறேன், என்னைய எப்பங்க நிறுத்துப் பாத்தீங்க?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். உன் பாட்டி காலத்தில் வீட்டில் பத்துப் பேர் இருந்தார்கள், அப்போது இவள் எப்படி இருந்தாள் என்று நினைத்துப் பார்க்கிறேன், முகம் ஞாபகம் வருகிறது, உடம்பு ஞாபகம் வரவில்லை. தராசுக்கு வா என்று மறுநாள் கூப்பிட்டேன். இனிமேல் எதற்கு என்று சொல்லிவிட்டாள். ஆனால் அன்று மத்தியானம் முதல் குழந்தைகள் பந்தி முடிந்ததும் தேவம்மாவைக் கையைப் பிடித்து உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். பரிமாற லிங்கம்மாவை நிற்கச் சொல்கிறாள். லிங்கம்மா முகத்தைச் சுளிக்கவில்லை, அதையும் எழுத வேண்டும்.

ஆனாலும் இது போதாது என்று நாங்கள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்துவிட்டோம். உட்காரவைத்துச் சோறு போடலாம், படுக்கிற இடத்துக்கு எங்கே போவது. கோபிநத்தத்தில் அவள் அப்பன் வீட்டுக்கு அனுப்பலாம்தான். அனுப்பினால் வாழாமல் வந்துவிட்டாள் என்று நாலு பேர் வாயில் விழுவாள், அதோடு அவளுடைய இடம் இப்போது அது இல்லை. அவளுடைய இடம் அந்த எண்பது சதுர அடிதான். ஆகவே உன்னைக் கேட்காமலே நிச்சயம் செய்துவிட்டேன், வருகிற 28-ஆம் தேதி புதன்கிழமை காலை வண்டியில் நானே அவளை அழைத்துக்கொண்டு புறப்படுகிறேன். அரசிக்கெரேயில் மாறி, பூனாவில் மறுபடி மாறி, வெள்ளிக்கிழமை காலை போரிபந்தர் ஸ்டேஷனில் இறங்குவோம். முதலாளி ஆறு நாள் லீவு கொடுத்திருக்கிறார், கௌரம்மா பார்த்துக்கொள்வாள், அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும் என்று இப்போது எனக்கே தெரிந்துவிட்டது. நான் உன் அறையில் தங்க மாட்டேன், மூன்றாவது ஆள் வந்தால் கணக்குக் கெட்டுவிடும். மாட்டுங்காவில் நம் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார், அங்கே ஒரு நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவேன். பட்டறையில் வீடு கிடைக்கும்போது கிடைக்கட்டும், அதுவரைக்கும் காத்திருக்கிற உடம்பு இல்லை அது.

இதைத் தேவம்மாவிடம் சொன்னபோது அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முதலில் கேட்டது, "நான் போயிட்டா தண்ணி ஆருங்க மாமா புடிப்பாங்க?" என்றுதான். நான் பிடிக்கிறேன் என்றேன். சிரித்தாள், பிறகு அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் பின்னால் போகவில்லை. எனக்கு அவள்மேல் இவ்வளவு பிரியம் இருக்கிறது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நாலு பெண் குழந்தை பெற வேண்டும் என்று ஒரு காலத்தில் ஆசைப்பட்டவன் நான், மாதேஸ்வரன் கொடுத்த ஒன்றையும் இளைக்கவிட்டுவிட்டேன்.

உன் அம்மா ராகி மாவு எட்டுப்படி, கொள்ளுப்பொடி, புளி, ஒரு சின்ன அம்மிக்கல் இவையெல்லாம் மூட்டை கட்டிவிட்டாள். அம்மிக்கல் பம்பாயில் கிடைக்கும் என்று சொன்னால் கேட்கவில்லை, அதைத் தூக்கப்போவது நான்தானே. நீ செய்ய வேண்டியது, அறையை நன்றாகக் கழுவி, ஜன்னலை அடைத்துக்கொண்டிருக்கிற உன் சாமான்களை எடுத்துவிட்டு, சுவர் ஓரமாக ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கிற அளவுக்கு இடம் ஒழித்து வை. வெள்ளிக்கிழமை காலை ஸ்டேஷனுக்கு வந்துவிடு, அவளுக்கு இந்தியும் தெரியாது, எனக்கும் கன்னடத்துக்கு மேல் ஓடாது. வந்த முதல் சில நாள் அவள் தூங்கினால் எழுப்பாதே, நீயே ஓட்டலில் வாங்கி வந்து வைத்துவிட்டு வேலைக்குப் போ.

மல்லப்பனும் லிங்கம்மாவும் குழந்தைகளும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். ரங்கூன் மாமா பம்பாய்த் துறைமுகத்தில் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரிக்கச் சொன்னான், மறக்காமல் விசாரி. நீயும் தேவம்மாவும் நீண்ட ஆயுளோடு, உடம்பில் பலத்தோடு, ஒருவருக்கு ஒருவர் துணையாக இருக்க வேண்டும் என்று மலையில் இருக்கிறவனை வேண்டிக்கொள்கிறேன், உன் அம்மாவும் அதையே சொல்லச் சொன்னாள்.

ஒன்றே ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள். அவள் சமைத்து உனக்குப் போட்டுவிட்டு நிற்பாள். உட்கார் என்றால் அப்புறம் என்பாள். பசிக்கவில்லை என்று சொல்வாள், முகத்தைப் பார்த்தால் நிஜம் போலவே இருக்கும். நம்பாதே சித்தையா. நான் இரண்டு வருஷம் நம்பினேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சென்னப்பன்